ஏழு நாள் விதி

1974இல் நான் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்த அன்றே, பள்ளிச் சுவரில் ஒரு விதியை எழுதி ஒட்டினேன்: தலையில் அடிபட்டவர் ஏழு நாள் ஆடக்கூடாது.

தலைமையாசிரியர் ஏகாம்பரம் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். எங்கள் பக்கத்துக் கபடியில், விழுந்தவர் முகத்தில் சோடாவைப் பீய்ச்சி, மறுபடியும் ஆட அனுப்புவதுதான் வழக்கம்.

அந்த வருட இறுதி ஆட்டத்தில், கபடி பாடி வந்த சிங்கப்பெருமாள் கோவில் அணிப் பெண்ணைப் பிடிக்க எங்கள் பிலோமினா பாய்ந்தாள். அந்தப் பெண்ணின் முழங்கால் அவள் நெற்றியில் இடித்தது. விழுந்தவள் முகத்தில் யாரோ சோடாவை அடித்தார்கள்.

"ஒண்ணுமில்ல டீச்சர், நான் ஆடறேன்" என்று எழுந்து களத்துக்குள் ஓடினாள்.

"வெளிய வாடி! சரோஜா, நீ எறங்கு" என்று கத்தினேன்.

ஏகாம்பரம் பாய்ந்து வந்தார். "இன்னா டீச்சர் இது? ரெண்டே பாயிண்டு, கப்பு நம்மளுது. அவளே ஒண்ணுமில்லன்றா, உங்களுக்கு இன்னா?"

கெஞ்சிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. களத்தை நோக்கிக் கையை நீட்டினேன்.

"அவ யார் கையைப் புடிச்சிக்கினு நிக்கிறா, பாருங்க சார்."

பிலோமினா எதிரணிப் பெண்களோடு கைகோத்து, எங்களை மடக்கத் தயாராக நின்றிருந்தாள்.