கடல் பார்க்காத பிள்ளை

கடற்கரை ஊரான சாய்ந்தமருதில் பிறந்து ஆறு வயதாகியும் கடலைக் கண்ணால் பார்க்காத பிள்ளை ஒன்று இருந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஸப்னா அப்படிப்பட்ட பிள்ளை. குற்றம் அவளுடையதல்ல, அவளுடைய உம்மா றாஹிலாவுடையது. சுனாமியில் தன் உம்மாவைப் பறிகொடுத்தபோது றாஹிலா சின்னப்பிள்ளை. அன்றிலிருந்து அவள் கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. கல்யாணம் முடித்ததும் ஊருக்கு மேற்கே வயலோரமாகக் குடிபோனாள். மகளையும் கிழக்கே கடல் பக்கம் விடவில்லை.

ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் ஊர் முழுக்கக் கடற்கரையில் கூடும்போது ஒரு பிள்ளையை எத்தனை வருடத்துக்குத்தான் வீட்டுக்குள் கட்டிவைப்பது? தங்கச்சி அஸ்பியா இடுப்பில் தன் குழந்தையோடு வந்து மல்லுக்கு நின்றாள். சுனாமி வந்தபோது அவள் கைக்குழந்தை. அவளுக்குக் கடல் என்றால் காற்று வாங்குகிற இடம், அவ்வளவுதான். புதுச்சட்டையோடு வாசலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஸப்னாவைக் காட்டி, "ராத்தா, ஒங்கட பயத்துக்கு இந்தப் புள்ள என்ன செய்யும்?" என்று கேட்டாள். றாஹிலா அபாயாவை எடுத்து மாட்டினாள். ராட்டினத்தில் ஏற்றி இறக்கிவிட்டு உடனே திரும்புவது, தண்ணீர்ப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை என்று பேசிக்கொண்டு புறப்பட்டார்கள்.

கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. ஐஸ்பழ வண்டிகள், இறால்வடைக் கடைகள், பலூன்கள், அத்தர் வாசம். கடைகளுக்கும் சனத்துக்கும் பின்னால் கடல் மறைந்துவிட்டது றாஹிலாவுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் இரைச்சலை எதைக்கொண்டு மறைப்பது? அது காதுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

ராட்டினத்தை ஆலையடிவேம்பிலிருந்து நல்லரெத்தினம் கொண்டுவந்திருந்தார். பெருநாள் தவறாமல் வருகிற மனிதர். அவரே ஸப்னாவைத் தூக்கிக் கூட்டுக்குள் இருத்திச் சங்கிலியை மாட்டினார். அடுத்தடுத்த கூடுகளில் பிள்ளைகளை ஏற்ற ஏற்ற ஸப்னாவின் கூடு மேலே போய், உச்சியில் நின்றது. பிள்ளை கையை ஆட்டினாள்.

அப்போதுதான் றாஹிலா அதைப் பார்த்தாள். கடைகளுக்கு இடையே உழவு இயந்திரம் ஒன்று மீன்பிடி வள்ளத்தைக் கட்டி மேலே இழுத்துக்கொண்டு வந்தது. பின்னால் இன்னொரு வள்ளம், அதற்குப் பின்னால் இன்னொன்று. மழையில்லை, காற்றில்லை. நல்ல வெயிலில் வள்ளத்தைக் கரையேற்றினால் கடற்கரைச் சனத்துக்கு அதில் ஒரே அர்த்தம்தான்.

"அஸ்பியா, வள்ளமெல்லாம் ஏத்துறாங்க. கடல் சரியில்லப் போல," என்றாள்.

தங்கச்சிக்குத்தான் சொன்னாள். கேட்டதோ முன்னால் நின்ற பெண். அவள் வள்ளங்களைப் பார்த்தாள், இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கினாள், விறுவிறென்று நடந்தாள். அவள் நடந்ததைக் கண்டவர்கள் ஓடினார்கள். அவர்கள் ஓடியதைக் கண்ட கடைக்காரர் ஒருவர் என்னவென்று கேட்க, நாலைந்து குரல்கள் ஒன்றாகப் பதில் சொல்லின.

"கடல் வருகுது!"

பிறகு கேட்பானேன். செருப்புகள், ஐஸ்பழ வண்டி, வடைச்சட்டி எல்லாம் கவிழ்ந்து கிடக்க, சனம் தலைதெறிக்க ஓடியது. நல்லரெத்தினம் இயந்திரத்தை நிறுத்திக் கீழ்க்கூடுகளில் இருந்த பிள்ளைகளை இறக்கிக் கொடுத்தார். உச்சிக்கூட்டை இறக்குமுன் சனம் அவரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அஸ்பியா குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி ராத்தாவின் கையைப் பிடித்து இழுத்தாள். றாஹிலா உதறினாள்.

"நீ புள்ளயத் தூக்கிட்டு ஓடு. நான் வரமாட்டன்."

ராட்டினத்தைப் பிடித்துத் தள்ளினாள். அசையவில்லை. கம்பியில் கால்வைத்து ஏறப் பார்த்தாள், அபாயா தடுக்கி மணலில் விழுந்தாள். கவிழ்ந்த கடைகள் வழியை மறித்துக் கிடக்க, அவள் நின்ற இடத்திலிருந்து கடல் தெரியவில்லை. வருகிறதா இல்லையா என்று பார்க்கக்கூடிய ஒரே ஆள் உச்சியில் அழுதுகொண்டிருந்தாள்.

"மகள், அழாத. கடல் தெரியுதா?"

"எது உம்மா கடல்?"

"அந்தப் பெரிய தண்ணி."

"தெரியுது."

"வருகுதா?"

பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

"ஓம் உம்மா. வெள்ளையா, நீளமா ஒண்டு வருகுது."

றாஹிலா ராட்டினக் காலைக் கட்டிப்பிடித்துக் கலிமாவைச் சொன்னாள். ஓட வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. "கண்ண மூடிக்க மகள். உம்மா இஞ்சதான் நிக்கன்," என்றாள்.

ஸப்னா கண்ணை மூடவில்லை.

"உம்மா, அது போயிட்டு. பின்னால இன்னொண்டு வருகுது. அதும் போகுது." கீழே பார்த்துக் கேட்டாள்: "இது என்ன செய்யுது உம்மா?"

றாஹிலாவின் கைகள் நழுவின. மணலில் உட்கார்ந்துவிட்டாள். அலை அடிக்கிறது, வேறொன்றுமில்லை. கரையில் பிறந்த பிள்ளைக்கு அலை என்றால் என்னவென்று தெரியவில்லை. யார் காட்டியிருக்க வேண்டும்? அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சற்றைக்கெல்லாம் ஒலிபெருக்கி கத்தியது. கயிறிழுத்தல் போட்டிக்கு இடம் எடுக்கத்தான் வள்ளங்களை ஏற்றினார்களாம். நல்லரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டு வந்து ராட்டினத்தைச் சுற்றினார். செருப்புத் தேடித் திரும்பிய சனம், புரளியைக் கிளப்பியது எந்த வாய் என்று ஏசிக்கொண்டு போனது. எந்த வாய் என்று றாஹிலாவுக்குத் தெரியும். தலைநிமிராமல் மகளை வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்து அஸ்பியா கூப்பிட்டாள். றாஹிலா அவளைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையை இறக்கிக் கையைப் பிடித்தபடி வள்ளங்களைத் தாண்டிப் போனாள். கால்கள் வரமாட்டோம் என்றன. ஈரமணல் வரை இழுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"நல்லாப் பாரு மகள். இப்பிடி வந்து வந்து போனா ஒண்டும் இல்ல. போன தண்ணி திரும்பி வராம, கடலுக்குள்ள மண் தெரிஞ்சா, அண்டைக்கு வீட்டுப் பக்கம் பாத்து ஓடணும். உம்மாவத் தேடிக்கிட்டு நிக்கக்கூடா. விளங்குதா?"

ஸப்னா அலையைப் பார்த்தாள். பிறகு உம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க ஓடல்லயே உம்மா," என்றாள்.

றாஹிலா பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கினாள்.