ஒன்பதாம் பக்கம்

பதினான்கு வருடங்களில் நான் கொடுத்த படிவம் ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. இதைச் சொன்னால் அலுவலகத்தில் சிலருக்கு வயிறு எரியும். எரியட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒரே வருடத்தில், ஒரே மருத்துவமனையில் பிறந்த ஆயிரத்து இருநூறு பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை தொடர்ந்து பார்க்கிற ஆய்வு எங்களுடையது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீடு தேடிப் போவோம். உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் எல்லாம் எடுத்துவிட்டுப் பத்துப் பக்கப் படிவத்தை விரிப்போம். அதில் ஒன்பதாம் பக்கத்தை மட்டும் பிள்ளையே தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டும். பதிமூன்று கேள்விகள். ‘கடந்த இரண்டு வாரத்தில் எதிலுமே சந்தோஷம் இல்லை என்று தோன்றியதா?’ என்பது முதல் கேள்வி. இல்லை, சில சமயம், எப்போதும் என்று மூன்று கட்டங்கள். மதிப்பெண் பன்னிரண்டைத் தாண்டினால் அன்றைக்கே மனநல மருத்துவருக்குத் தகவல் போய்விடும்.

எட்டு, பத்து வயதில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நிரப்பின. பன்னிரண்டு வயதில்தான் வந்தது வினை. அதுவரை வாயாடிக்கொண்டிருந்த பிள்ளை அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் ஊமையாகிவிடும். அப்படியே வெறுமையாக நீட்டும். விதிப்படி நாங்கள் இன்னொரு நாள் போய், பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக்கொடுத்துக் கேட்க வேண்டும். மறுபடி பஸ் பிடித்து, நாய்க்குப் பயந்து, நாலு மாடி ஏறி யார் போவது? போன தடவை அந்தப் பிள்ளை குறித்ததையே இந்தத் தடவையும் குறித்துவிடுவேன். இரண்டு வருடத்தில் மனசு என்ன தலைகீழாகவா மாறிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய நகலையும் புதியதையும் அருகருகே வைத்தால் ஐந்து நிமிட வேலை. கூட வேலை பார்க்கும் ஒட்டடைக்குச்சிக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். நெடுநெடுவென்று இருப்பாள், அதனால் அந்தப் பெயர். அவளுக்கும் அது தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

என் மகளும் இந்த ஆயிரத்து இருநூறில் ஒருத்தி. எண் நானூற்றுப் பதினேழு. அவள் வயிற்றில் இருந்தபோதே சம்மதக் கையெழுத்துப் போட்டேன், அவள் பிறந்த சில மாதங்களில் இங்கேயே வேலையும் கிடைத்தது. சொந்தப் பிள்ளையின் படிவத்தை நாங்கள் தொடக் கூடாது. அதனால் அவளைப் பார்த்தது ஒட்டடைக்குச்சி.

இந்த வருடம் அவளுக்குப் பதினான்கு. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். பிறகு தட்டு பாதியோடு திரும்பி வர ஆரம்பித்தது. ஒரு நாள் பார்த்தால், உயிராக வைத்திருந்த வண்ணப் பென்சில் பெட்டியை எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

“என்னமோ சரியில்ல. அவ சிரிச்சு எத்தன நாளாச்சு தெரியுமா?” என்றார் என் கணவர்.

“அந்த வயசு அப்படித்தாங்க. கடுதாசிதான் வந்திருக்கே, படிச்சுப் பாருங்க.”

ஆய்விலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் முடிவுக் கடிதம் போகும். எங்கள் வீட்டுக்கு வந்ததில் உயரம் சரி, ரத்தம் சரி, மனநலம் வழக்கமான வரம்புக்குள் என்று இருந்தது. அதை நான் ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தேன். அவர் அதன் முன்னால் நின்று இரண்டு முறை படித்தார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் வாயை அடைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தோம். புள்ளிவிவரக்காரர் நல்ல மனிதர், தானே ஜோக் அடித்துத் தானே சிரிப்பார். அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்.

“நம்ம ஆய்வுல ஒரு அதிசயம் நடந்திருக்கு. முப்பத்தொரு பசங்க உயரத்துல வளந்திருக்காங்க, எடையில வளந்திருக்காங்க, மனசு மட்டும் ரெண்டு வருஷமா அசையவே இல்ல. பதிமூணு கேள்விக்கும் அச்சு அசலா அதே பதில். இது எப்படிங்க?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் என் வீடுகள். வேலை போய்விடும் என்ற பயத்தைத் தவிர அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. முப்பது எண்கள் முடிந்தன.

“கடைசியா, நானூத்திப் பதினேழு.”

அது என் மகளின் எண். எதிரில் ஒட்டடைக்குச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“என்னடி பண்ணின?”

“அக்கா, ஒன்பதாம் பக்கம் முழுசா வெறுமையா இருந்துச்சு. இருபது நிமிஷம் பேனாவக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ஒண்ணும் எழுதாம, மடிச்சு, என் கையில குடுத்தா.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொந்தப் பிள்ளையப் பத்திப் பேசக் கூடாதுன்னு விதி இருக்கே. மறுபடி வந்து கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சேன். உங்க பிள்ளை, நல்ல பிள்ளை... நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் செஞ்சேன்.”

அவளை அறையத்தான் கை ஓங்கினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் அவளை அடிப்பது?

மகளுக்கு அன்று விடுமுறை. வீட்டில் தனியாக இருந்தாள். போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் மறுபடி போன் போட்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அந்தக் கேள்விக்கு அதுதான் உண்மையான பதில்.

வாசல் கதவைத் திறந்ததும் கூப்பிட்டேன். பதில் இல்லை. அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன், திறந்துகொண்டது. சன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்பதைத் தவிர முதலில் எதுவும் என் கண்ணில் படவில்லை. அப்புறம்தான் அறையைப் பார்த்தேன். புத்தக அலமாரி காலி. எல்லாம் கட்டுக்கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு தோழியின் பெயர் எழுதிய சீட்டு. அவளுடைய கைக்கடிகாரத்தின் மேல் ‘அப்பா’ என்று எழுதியிருந்தது.

அவள் எதிரில் உட்கார்ந்தேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. ஆயிரம் முறை சொன்ன வாய், தானாகச் சொன்னது.

“கடந்த ரெண்டு வாரத்துல, எதுலயுமே சந்தோஷம் இல்லன்னு தோணிச்சாம்மா?”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

“பழசையே எழுதிக்கோம்மா.”

“என்னம்மா சொல்ற?” என்று கேட்டேன்.

“நீ சாப்பாட்டு மேசையில எழுதுறத நான் பாத்திருக்கேன். பன்னெண்டு வயசிலேயே. நான் தூங்கிட்டேன்னு நெனச்சிருப்ப. ஆனா நான் உன் பொண்ணாச்சேன்னு நெனச்சேன். என் பக்கம் வெறுமையா இருந்தா யாராவது வந்து கேப்பாங்கன்னு நெனச்சேன். நாலு மாசம் காத்திருந்தேன். கடுதாசி வந்துச்சு. நீ அதக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ்ல ஒட்டின.”

நான் அழுதேன். மன்னித்துவிடு என்று சொன்னேன், எத்தனை முறை என்று தெரியாது. அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டேன், சில்லென்று இருந்தன. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை.

“முதல் கேள்விக்குப் பதில் சொல்லு. எவ்வளவு நேரமானாலும் இங்கயே உக்காந்திருக்கேன்.”

அவள் சன்னலைப் பார்த்தாள். “எப்போதும்” என்றாள்.

நான் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அலுவலகமாகத்தான் இருக்கும். அந்த முப்பது வீடுகளுக்கும் மனநலம் வழக்கமான வரம்புக்குள் என்ற இதே கடிதம்தான் போயிருந்தது.