பாலம் வரைக்கும்

"டிவியப் போடணும்" என்றாள் சுஷ்மிதா.

கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள், இந்த முறை தெருவுக்கே கேட்கிற மாதிரி.

பொணம் கிடக்கிற வீட்டில் இதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லியாயிற்று. நகரியில் தாத்தா செத்த அன்றைக்குப் பொம்மைப் படம் வேண்டும் என்று அடம் பிடித்தாள். நைனாவின், அதாவது அப்பாவின், அண்ணன் சடகோபன், அவளுக்குப் பெரிநைனா, கன்னத்தில் ஒன்று வைத்தார். இந்த வார்த்தை உன் வாயிலிருந்து ஆயுசுக்கும் வரக் கூடாது என்றார். வரவில்லை. நடுவில் எத்தனையோ சாவு பார்த்துவிட்டாள். டிவியைத் துணி போட்டு மூடுகிற வேலையைத் தானே செய்தும் இருக்கிறாள். இன்றைக்குப் படுத்திருப்பது நைனா.

டிவிமேல் அம்மாவின் பழைய புடவை தொங்கியது. விடிந்ததும் யாரோ போர்த்திவிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, கூடத்தில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே பிளக்கில், ஐஸ் பெட்டியின் வயர் சொருகியிருந்தது. பெட்டிக்குள் கோவர்த்தனன், நெற்றியில் நாமமும் மூக்கில் பஞ்சுமாக. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஜீப் ஓட்டிய மனிதர். கிட்னி போய், கண் மங்கி, கடைசி வருஷங்கள் இந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தவர்.

அண்ணன் ஹரிபாபு வாசலிலிருந்து உள்ளே வந்தான். ஸ்ரீசிட்டியில் நைட் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தவன். கம்பெனிச் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"டிவியப் போடணும்னா நைனாவைப் புடுங்கணும். தெரிஞ்சிதான் பேசறியா?"

"தெரியும். கொஞ்ச நேரந்தான். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது."

"இன்னா படம்?"

சொன்னால் அவனுக்குப் புரியப் போவதில்லை. புரிந்தால் இன்னும் கோபம் வரும்.

காலேஜ் கடைசி வருஷத்தில் ஆரம்பித்த பழக்கம் அது. அங்கே ஒரு படக் கழகம் இருந்தது. யாரும் யாரையும் அடிக்காத, பாட்டில்லாத, வெளிதேசத்துப் பழைய படங்களாகப் போடுவார்கள். ஒரு நாள் பென்டிரைவில் கொண்டுவந்து வீட்டில் போட்டாள். நைனா சும்மா பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருத்தன் டீ குடிக்கிறதையே இவ்வளவு நேரம் காட்டுகிறானே என்று முதலில் சிரித்தார். அவள் படத்தை முன்னால் தள்ளிவிடப் போனபோது ரிமோட்டின்மேல் கை வைத்து, இரு, குடிச்சி முடிக்கட்டும், என்றார்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கீழே ஓடுகிற எழுத்தை அவள் படித்துச் சொல்ல வேண்டும். படித்தபடி சொல்ல அவளுக்கு வராது. வீட்டில் பேசுகிற மாதிரிதான் வரும். அதனால் பனி கொட்டுகிற தேசத்துக் கிழவனும் "இன்னாமே, துன்னியா" என்று கேட்டான். ராஜா வீட்டுப் பொண்ணு "நா வரமாட்டேன், நீ போய்க்கினே இரு" என்றாள். உலகத்திலிருக்கிற அத்தனை தேசக்காரனும் சந்திரகிரியில் பொறந்தவன் மாதிரியே பேசறானே என்று அடுப்பங்கரையிலிருந்து அம்மா ரத்னம்மா முனகுவாள். எழவு விழுந்த படம் என்பாள். சிரிக்கத் தெரியாதவனெல்லாம் நடிக்க வந்துட்டான் என்பாள். கூடத்துக்கு ஒரு நாளும் வந்து உட்கார்ந்ததில்லை.

நைனாவுக்குப் படத்தில் வண்டி வந்தால் போதும். லாரியோ குதிரை வண்டியோ, ஓட்டுகிறவன் கையைத்தான் பார்ப்பார். "இவனுக்கு ஓட்டத் தெரியாது, சும்மா புடிச்சிக்கினு கீறான்" என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். டயாலிசிஸ் முடிந்து வருகிற நாளில் கொஞ்ச நேரத்துக்குமேல் உட்கார முடியாது. ஒரு படம் மூன்று நாள், நாலு நாள் ஓடும். அதற்கு ஒரே சட்டம்தான். ஒருத்தரை விட்டு ஒருத்தர் பார்க்கக் கூடாது.

கடைசிப் படத்தில் ஒரு கிழவன். பொண்டாட்டி செத்துப்போகிறாள். அவளுடைய தையல் மிஷினை அவளுடைய தங்கச்சிக்குக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். அதைத் தள்ளுவண்டியில் கட்டி, ஊர் ஊராகத் தள்ளிக்கொண்டு போகிறான். அவ்வளவுதான் கதை. போகிற வழியிலெல்லாம் பெண்கள் அவனை நிறுத்தி, ஒரு கிழிசலைத் தைத்துக்கொள்கிறார்கள். நேற்று சாயந்திரம் கிழவன் ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தான். பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பக்கம் தங்கச்சியின் ஊர் தெரிகிறது. அங்கே நைனா கையைத் தூக்கினார். அவருக்குக் களைத்துவிட்டது.

"எறங்குவான் பாரு" என்றார். "கழி விட்டு ஆழம் பாத்துட்டு எறங்குவான்."

"இந்தப் படத்துல எவனும் எறங்கமாட்டான் நைனா. திரும்பிடுவான்."

"பந்தயமா?"

ஜெயித்தவர் சொல்கிற படம்தான் அடுத்த படம் என்று பேச்சு. படுக்கப் போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "நீ மட்டும் பாத்துடாத" என்றார். காலையில் அம்மா காபி கொண்டுபோனபோது எழுந்திருக்கவில்லை.

ஹரிபாபு அவளைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனான். அவனும் அழுதிருந்தான், கண் சிவந்திருந்தது. பார்த்தே ஆகணும்னா செல்லில் பார்த்துத் தொலை, யாரும் கேட்கமாட்டார்கள் என்றான். செல்லில் அவருக்குத் தெரியாது என்றாள் அவள், கண்ணுதான் மங்கிப்போச்சே என்று.

"இப்ப மட்டும் தெரியுமா?"

சொல்லிவிட்ட பிறகு அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கம்பெனிச் சட்டையின் மேல்பித்தானைத் திருகிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

அதற்குள் விஷயம் ஷாமியானா வரைக்கும் போயிருந்தது. சடகோபன் வந்து நிலைவாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெண்டெழுத்துப் படித்தால் செத்தவனுக்கு மரியாதை இல்லாமல் போய்விடுமா என்று கேட்டார். இந்த வம்சத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கினவள் என்று தம்பி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டானே, அதற்கு இதுதான் பலனா என்று கேட்டார். பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா சுஷ்மிதாவின் முகவாயைத் தொட்டு, "இதி பத்ததேனாம்மா" என்றாள், இது முறையாம்மா என்று, அன்பாகத்தான். முறையாம், முறை. ஓட்டுகிறவனுடைய கையைப் பார்த்தே ஆளைச் சொல்கிற மனிதரைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும். காலையிலிருந்து வந்தவர்களெல்லாம் என்ன சாப்பிட்டார், எப்போது போனார் என்று கேட்டார்களே தவிர, கடைசியாக என்ன சொன்னார் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெட்டியின் கண்ணாடியில் படிகிற பனியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கத் திரும்பவும் படிந்தது. நிமிரவில்லை.

சுஷ்மிதா மூலையில் போய் உட்கார்ந்தாள். அழுகை அந்த வீட்டில் ஒரு வேலை மாதிரி நடந்துகொண்டிருந்தது. ஆள் வந்தால் ஏறியது, போனால் இறங்கியது. அவளுக்கு அழுகை வரவில்லை. முதுகு வலித்தது. ராத்திரியே பார்த்துத் தொலைத்திருக்கலாம் என்று ஒரு தடவை தோன்றியது. உடனே வெட்கமாக இருந்தது.

மதியத்துக்குமேல் எடுத்தார்கள். வயரைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, வெளியே கொண்டுபோய்க் குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசிக்குப் பெண்களை வரிசையாக வரச் சொன்னார்கள். அவள் முறை வந்தபோது அரிசியைப் போட்டுவிட்டு அப்படியே காதோரம் குனிந்தாள்.

"நா பாக்கல நைனா."

பின்னாலிருந்தவர்கள் அவள் கோவிந்தா சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு கோவிந்தா, கோவிந்தா என்றார்கள்.

தெருமுனை வரைக்கும்தான் பெண்கள். அங்கே ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, இதற்குமேல் வராதீங்க என்று சொல்லிவிட்டு, ஆண்கள் பொரியையும் பூவையும் இறைத்துக்கொண்டு சொர்ணமுகி ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஹரிபாபு கையில் தீச்சட்டி புகைந்தது. அவன் ஒரு தடவை திரும்பித் தங்கச்சியைப் பார்த்தான். பெண்கள் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஐஸ் பெட்டிக்காரன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். பெண்கள் கொல்லைப்பக்கம் குளிக்கப் போனார்கள். முதலில் குளித்துவிட்டு வந்த அம்மா, ஈரத்தலையோடு கூடத்தின் நடுவில் நின்றாள். பெட்டி இருந்த இடம் மட்டும் இன்னும் காயவில்லை. காலியான பிளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு டிவிமேலிருந்த புடவையை இழுத்தாள். உதறி, நாலாக மடித்து, தோளில் போட்டுக்கொண்டாள். குனிந்து வயரைத் தேடி எடுத்து, தானே சொருகினாள்.

"போடு" என்றாள்.

சுஷ்மிதா அசையவில்லை.

"பாலத்தாண்ட நின்னுக்கினு இருந்தானே அந்தாளு. அப்பால இன்னா ஆச்சி?"

"நீ பாத்தியாம்மா?"

"அடுப்பாண்ட நின்னா காது அவிஞ்சா பூடும்? போடு."

ரிமோட் நைனா வைக்கிற இடத்திலேயே, நாற்காலிக்கைக்கு அடியில் இருந்தது. படம் தொடரலாமா என்று கேட்டது. படம் ஓடினதைக் காட்டுகிற சிவப்புக்கோடு கிட்டத்தட்ட ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தது. அவள் சத்தத்தைக் குறைத்து வைத்தாள். நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. இரண்டு பேரும் பெட்டி இருந்த ஈரத்தரையில் உட்கார்ந்தார்கள்.

கிழவன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். ரொம்ப நேரம் நின்றான். அம்மா எழவு விழுந்த படம் என்றுகூடச் சொல்லவில்லை. கிழவன் வண்டியைத் திருப்பினான். திருப்பியவன் கொஞ்சதூரம் போய், வேலியிலிருந்து ஒரு கழியை உருவினான்.

அப்போது சடகோபனின் பெண்டாட்டி, பெரியம்மா, கொல்லையிலிருந்து வந்து குறுக்கே நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. டிவியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள்.

"உக்காரு, இல்லனா நவுரு. மறைக்குது" என்றாள் அம்மா.

பெரியம்மா நகர்ந்தாள். அவள் செல் அடித்தது. பேசிவிட்டுப் பொதுவாக யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்: எரிக்கிற கட்டை ஏற்றின வண்டி இன்னும் வரவில்லையாம், இப்போதான் சந்தைப்பேட்டை தாண்டுதாம், கொள்ளி வெக்க நேரமாகுமாம்.

கிழவன் கழியைத் தண்ணீரில் விட்டான். எடுத்தான். தள்ளிப்போய் இன்னோர் இடத்தில் விட்டான். மிஷினைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தான். பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டியோடு இறங்கினான். தண்ணீர் முட்டிக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. நடு ஆற்றில், தண்ணீர் மார்பு வரை ஏறினபோது, அந்தப் படத்தில் ரொம்ப நேரத்துக்கு அப்புறம் அவன் ஒரு வார்த்தை பேசினான்.

"இன்னா சொல்றான்?"

"கெட்டியாப் புடிச்சிக்கோங்கறான்."

"யாருகிட்ட?"

"தெரியலம்மா. அங்க யாரும் இல்ல."

படம் அங்கேயே இருட்டியது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அம்மா இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரை ஏறினானா?"

"காட்டல."

"எறங்கிட்டான் இல்ல?"

"எறங்கிட்டான்."

சுஷ்மிதா எழுந்தாள். சுடிதாரின் பின்பக்கம் ஈரமாகியிருந்தது. துப்பட்டாவை எடுத்து இடுப்பில் சுற்றிக் கட்டினாள். வாசலில் கிடந்த செருப்புக் குவியலைக் காலால் கலைத்துத் தன்னுடையதைத் தேடினாள்.

பெரியம்மா எங்கே போகிறாய் என்று கேட்டாள். அப்புறம் கேட்டது போதாது என்று, பொம்பளைங்க போற இடமில்லை அது, அங்கே உங்க பெரிநைனா இருக்கிறார், தெரியுமா என்றாள். அம்மாவிடம் திரும்பி, நீயாவது சொல்லேன் என்றாள். அம்மா கையை நீட்டி டிவியை நிறுத்தினாள். பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி முடிச்சுப் போட ஆரம்பித்தாள். அது சின்ன வயர். அதற்கு அவ்வளவு நேரம் ஆகத் தேவையில்லை.

தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. சாமந்தி இதழ்களை ஆட்டோக்கள் நசுக்கிவிட்டுப் போயிருந்தன. தெருமுனையில் ஊற்றிய குடத்துத் தண்ணீர் முக்கால்வாசி காய்ந்து, மண்ணில் ஒரு கோடு மாதிரி நின்றது. அதன் இந்தப் பக்கம் முழுக்கப் பெண்களின் காலடிகள், எல்லாம் வீட்டைப் பார்த்து. அவளுடையதும் அதில் எங்கேயோ இருந்தது. அவள் நிற்காமல் அந்த ஈரத்தை மிதித்துக்கொண்டு, பொரி சிந்திக்கிடந்த வழியே ஆற்றுப்பக்கம் நடந்தாள்.