மாலாவின் சிரிப்பு

டிவியில் மாலா சிரித்தாள். மறுபடியும் சிரித்தாள். முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓடவிட்டு, இன்னொரு தடவையும் அவளைச் சிரிக்க வைத்தார்கள். அபூர்வா தட்டிலிருந்த அடையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு விள்ளல்கூட வாய்க்குள் போகவில்லை.

"பாரேன், எப்படி இளிக்கறா!" என்றாள் அம்மா சியாமளா. "வேலை பார்த்த வீட்டு மனுஷன் கண்ணெதிரே செத்திருக்கார். எனக்கானா ஒரு வாரம் சோறு இறங்காது. இவ என்னடான்னா கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டறா. இவ பேச்சை எவன் நம்புவான்?"

எவனும் நம்பவில்லை. பக்கத்து அபார்ட்மென்ட் சொசைட்டியில் தனியாக இருந்த ரிடையர்டு அதிகாரி சேஷனை, அவருடைய தங்கை பையன் ஷங்கர் தலையணையால் அமுக்கிக் கொன்றதைப் பார்த்தேன் என்று சொன்னவள் சமையல்கார மாலா ஒருத்திதான். ஷங்கரோ, அவள்தான் யாரோ திருடனை உள்ளே விட்டுவிட்டுக் கதை கட்டுகிறாள் என்கிறான். அவன் நன்றாக அழுதான். இஸ்திரி போட்ட குர்தாவில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இங்கிலீஷில் ஒரு பாட்டம், ஹிந்தியில் ஒரு பாட்டம் என்று லட்சணமாக அழுதான். மாலாவுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? போதாக்குறைக்கு ஸ்டுடியோவில் முகத்தைப் படிக்கிற நிபுணர் ஒருவர். கொலையைப் பார்த்தவள் இப்படிச் சிரிக்கவே மாட்டாள் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மகானுபாவர், உதட்டு ஓரத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுவார் போலிருந்தது.

அந்தச் சிரிப்பு எதற்கு வந்தது என்று அபூர்வாவுக்குத் தெரியும். நொய்டாவில் அதே சேனலில்தான் அவளுக்கு எடிட்டர் வேலை. மாலாவுக்கு ஹிந்தி தடுமாறுகிறது, தமிழ் தெரிந்த ஒருத்தி கூட இருக்கட்டும் என்று அவளையும் பேட்டிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். மாலா பிரம்பு மோடாவில் உட்கார்ந்து வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். கேமரா ஓட ஆரம்பித்திருந்தது. முகம் கொஞ்சம் இளகட்டுமே என்று, கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற அபூர்வா, "சாப்டீங்களா அக்கா?" என்று கேட்டாள். மாலா நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை வந்த போலீஸும் பத்திரிகைக்காரர்களும் என்ன பார்த்தாய், எப்படிப் பார்த்தாய் என்றுதான் குடைந்திருந்தார்கள். இந்தக் கேள்விக்குத்தான் அந்த முகம் அப்படி விரிந்தது.

அன்று மத்தியானம் பாஸ் ஜெயந்த் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். "பேச்செல்லாம் போர். எக்ஸ்பிரஷன் ஏதாவது இருந்தா எடுத்துக் கொடு, ஜல்தி." கொடுத்தாள். கேமராவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களின் குரலை வெட்டுவது எடிட்டர்களுக்குக் கைப்பழக்கம். வேர்க்கடலைக்குத் தோல் உரிக்கிற மாதிரி, யோசிக்கவே வேண்டாம். அவள் குரலை அவளே வெட்டினாள். கேள்வி போய், வெறும் சிரிப்பு மட்டும் மிஞ்சியது. சத்தியமாக அப்போது மனசில் ஒரு கல்மிஷமும் இல்லை. இப்போது பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அம்மா, அவ என்னைப் பார்த்துத்தான் சிரிச்சா," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். சியாமளா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"ஆபீஸ்ல சொன்னியா?"

"ஜெயந்த் கிட்ட சொன்னேன். ஷோ நன்னா ஓடறது, விடுன்னுட்டான்."

"அப்போ விடு. ஆபீஸ் வீடியோவை வெளில கொடுத்தா வேலை போயிடும். ஊர் வம்பெல்லாம் உனக்கெதுக்குடி?" என்றாள் அம்மா. ஆனால் அதற்கப்புறம் டிவியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கை கழுவும்போது போன் அடித்தது. மாலாதான்; பேட்டியன்று நம்பர் வாங்கி வைத்திருந்தாள்.

"பாப்பா, நாளைக்குக் காலைல ஸ்டேசனுக்கு வரச் சொல்லிருக்காங்க. ஏன் சிரிச்ச, ஏன் சிரிச்சன்னே கேக்குறாங்க. சாப்டியான்னு கேட்டாங்க, அதான் சிரிச்சேன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. என் மேலயே கேசு போட்ருவாங்க போலருக்கு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க பாப்பா."

"பாக்கறேன் அக்கா," என்றாள் அபூர்வா. இதைவிடக் கேவலமான பதில் வேறு என்ன இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது.

காலையில் மற்றவர்களுக்கு முன்னால் ஆபீஸ் போய், வெட்டாத வீடியோவைத் திறந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "சாப்டீங்களா அக்கா?" அவள் குரல்தான், தேன் சொட்டியது. மாலா சிரித்தாள். பிறகு, உதடு மூடுவதற்குள், அடங்கின குரலில் என்னவோ சொன்னாள். அன்றைக்கு அது அபூர்வாவின் காதில் ஏறவே இல்லை. சத்தத்தைக் கூட்டினாள்.

"இல்ல பாப்பா. சோறே எறங்கல."

அந்த வார்த்தை முடியவில்லை, அதற்குள் மறுபடி அபூர்வாவின் குரல், கேமராமேனிடம்: "அச்சா, அச்சா. ரெடி பையா, கேள்வியை ஆரம்பிக்கலாம்."

அபூர்வாவுக்குப் பகீர் என்றது. ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்திருக்கலாமே! இரண்டு நாளாக ஜெயந்தைத்தான் மனசுக்குள் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். அப்புறம் அதை அப்படியே போனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். படி இறங்கும்போது ஜெயந்த் எதிரே வந்தான். "எங்க போற?" என்றான். "ஸ்டேஷனுக்கு," என்றாள். அவன் பின்னாலிருந்து கூப்பிட்டதற்கு அவள் நிற்கவில்லை.

ஸ்டேஷன் வராந்தா பெஞ்சின் ஓரத்தில் மாலா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இன்ஸ்பெக்டர் உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அபூர்வா பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சாப்டீங்களா என்று இன்னொரு தடவை கேட்க நாக்கு கூசியது. பையிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து மாலாவின் மடியில் வைத்தாள். தயிர் சாதம்.

மாலா சாதத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து அபூர்வாவைப் பார்த்தாள். அந்த முகம் மெல்ல விரியத் தொடங்கியது. எதிர்ச் சுவரில் இருந்த கேமரா அவள் கண்ணில் பட்டது. சட்டென்று முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். மூடின துணிக்கு அடியிலேயே கையைக் கொண்டுபோய், முதல் வாய் சோற்றைப் போட்டுக்கொண்டாள்.