சிங்கராயர் சோடி பிடித்த மோட்டார்கள்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு, ஒரே ஒரு சதுரத்துக்காகப் பட்ட பாட்டைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அந்த வீட்டுக்காரர்களே சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

சிங்கராயர் மஸ்கட்டில் ஒரு கிடங்கில் சாமான் இறக்கி ஏற்றும் வேலையை மேற்பார்வை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்ததும் வராததுமாக அவருக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டரில் ஒரு கோடு போட்டால், அதே கோட்டில் ஓடிப் பலகையை அறுத்துக் கொடுக்கும் சின்ன சி.என்.சி. மிஷின் ஒன்றைத் தன் கையாலேயே செய்ய வேண்டும். அதற்கான சட்டத்தை எங்கே நிறுத்தினார் தெரியுமா? முன்னறையில், வருஷா வருஷம் நெல் மூட்டை அடுக்குகிற இடத்தில்.

அவர் மனைவி ஃபிளோரா கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஏங்க, அறுப்பு வருது. கொள்முதல் நிலையத்துல நம்ம நெல்ல எடுக்கிற வரைக்கும் மூட்டை இங்கதான் கிடக்கணும். அதுக்குள்ள இது ஒரே ஒரு சதுரம் வெட்டட்டும். நாலு மூலையும் நேரா. அந்தப் பழைய ஜன்னல் ஓட்டைய அடைச்சா எலியாவது வராது. வெட்டலன்னா பழைய இரும்புக்காரர வரச் சொல்லிருவேன்."

"ஆசாரிக்கிட்ட சொன்னா டீ ஆறுறதுக்குள்ள அறுத்துக் குடுத்துருவாரே" என்றான் ஃபிளோராவின் தம்பி சகாயராஜ்.

"ஆசாரி அறுத்தா அது பலகை. இது அறுத்தா அது இன்ஜினியரிங்" என்றார் சிங்கராயர்.

"மோட்டார் எத்தன எச்.பி. மச்சான்?"

"இதுக்கு எச்.பி. எல்லாம் பாக்கிறதில்லடா. இது ஸ்டெப்பர் மோட்டார். கொஞ்சம் கொஞ்சமா அடி வச்சு நடக்கும்."

"எச்.பி. இல்லாத மோட்டாரா? போர்ல எறக்கினா தண்ணி வருமா?"

மிஷினின் குறுக்கே ஒரு பாலம். அதை முன்னும் பின்னும் தள்ள இடப்பக்கம் ஒரு மோட்டார், வலப்பக்கம் ஒரு மோட்டார் வேண்டும். புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது. இணையத்தில் தேடினால் ஒருவர் சின்னதே போதும் என்கிறார், இன்னொருவர் பெரியது இல்லாவிட்டால் வீண் என்கிறார். தலை சுற்றிப்போன சிங்கராயர் டீக்கடையில் வாய்விட்டுச் சொன்னார். "பழசா இருந்தாலும் பரவால்ல. நல்ல சோடியா கிடைக்கணும்."

சோடி என்ற சொல் காதில் விழுந்ததும் பெஞ்சின் மறு கோடியில் இருந்த பஞ்சநதம் திரும்பினார். மாட்டுத் தரகர். டிராக்டர் வந்தபின் பழைய பைக், செல்போன், கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் தரகு பார்ப்பவர்.

"சோடி பிடிக்கிறத எங்கிட்ட விட்டுரு தம்பி" என்றார்.

இருவரும் தஞ்சாவூரில் பழைய எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் மீரா உசேன் கடைக்குப் போனார்கள். மிஷினுக்கு உத்தரவு போடும் கன்ட்ரோல் போர்டு, விலை மலிவானதாகவே ஒன்று கிடைத்தது; இரண்டு பக்கத்து மோட்டாருக்கும் ஒரே உத்தரவைத்தான் அனுப்பும். பிறகு பாய் இரண்டு மோட்டார்களை எடுத்து வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே அளவு, அச்சு அசலாக ஒன்று போலவே இருந்தன. சிங்கராயர் கை நீட்டினார். பஞ்சநதம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. நுகத்துல பூட்டினா சண்டை போடும். வேற காட்டுங்க பாய்."

"மோட்டாருக்கு ஏதுங்க தாய்?" என்றார் மீரா உசேன்.

"இல்லாமயா இத்தன ஒரே மாதிரி இருக்கு?"

பாய்க்கு வியாபாரம் ஆக வேண்டும். ஒரு பழைய ஜெராக்ஸ் மிஷினின் மோட்டாரை எடுத்து, அதன் இரண்டு வயர்களை ஒட்டிப் பிடித்துக்கொண்டு தண்டைத் திருப்பச் சொன்னார். தண்டு இறுகியது. "இறுகினா உள்ள நல்லா இருக்குன்னு அர்த்தம்."

பஞ்சநதம் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். "முறைக்குது. ரோஷமான சாதி." பிறகு முதுகில் சுழி இருக்கிறதா என்று தடவினார். சக்கரத்தின் பற்களைப் பார்த்து வயது சொன்னார். இன்னொரு குவியலில் பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டார் ஒன்று அதே உயரத்தில் இருந்தது. "இதுதான் சோடி" என்றார்.

விலை பேசத் தோள் துண்டை எடுத்துப் பாயின் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான், விலை வெளியே தெரியக் கூடாது. மீரா உசேனுக்கோ விரல் கணக்கு தெரியாது. போதாக்குறைக்குத் தொட்டாலே கூச்சம் வேறு. உள்ளங்கையில் விரல் பட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சம்மதிச்சுட்டார்" என்றார் பஞ்சநதம்.

வீட்டுக்கு வந்து மாட்டினார்கள். ஸ்விட்சைப் போட்டதும் வலது மோட்டார் ஒரு சுற்று சுற்றியது. அதே உத்தரவுக்கு இடது மோட்டார் அரைச் சுற்றோடு நின்றுவிட்டது. ஒன்றின் அடி பெரிசு, மற்றதன் அடி அதில் பாதி. பாலம் கோணிக்கொண்டு, கிர்ரென்று கத்தி, நடுநடுவே நின்று நின்று நகர்ந்தது. வெட்டிய பலகை வடுமாங்காய் போல இருந்தது.

ஃபிளோரா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு மூலைகூடக் காணோமே. எங்க போச்சு?"

"வரும்" என்றார் சிங்கராயர்.

"எடத்து மாட்ட வலத்துல கட்டிப் பாரு" என்றார் பஞ்சநதம். மாற்றிக் கட்டினார்கள். வடுமாங்காய் இப்போது மறுபக்கம் வளைந்தது.

"பாத்தியா, திரும்பிக்கிச்சு. பேச்சு கேக்குது. ரெண்டையும் ஒரே தொட்டியில தண்ணி காட்டு, பழகிரும்."

"ரெண்டுக்கும் ஒரே பவர் சப்ளைதானே அண்ணே?"

"அப்ப பழகிக்கிட்டுதான் இருக்கு. அவசரப்படாத."

சிங்கராயர் காத்திருந்தார். மோட்டார்கள் பழகவில்லை. பாயிடம் அந்த ஒரே தாய்ப் பிள்ளைகளைக் கேட்டுப் போன் போட்டார். சீர்காழிக்காரர் ஒருவர் வாங்கிப் போய்விட்டாராம். அதற்குள் வயலில் அறுவடை மிஷின் இறங்கிவிட்டது. வானமும் மூடிக்கொண்டு வந்தது. ஃபிளோரா பழைய இரும்புக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். சிங்கராயர் முன்னறையில் கோணிய பாலத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து, சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் இருந்தார். மஸ்கட்டிலிருந்து வந்த நாளாக அவரை அப்படி அவள் பார்த்ததில்லை.

சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். மிஷினை ஒருமுறை ஓட்டச் சொன்னாள். இரண்டு மோட்டார்களும் ஆளுக்கொரு வேகத்தில் இழுப்பதைப் பார்த்தாள்.

"சோடி சேரலன்னா எதுக்குங்க மல்லுக்கட்டுறீங்க? ஒத்த மாட்டு வண்டியா பூட்டுங்க."

சிங்கராயர் வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்தார்.

"ஒத்த மாட்டு வண்டியா?" என்று திண்ணையிலிருந்து பதறினார் பஞ்சநதம். அவருக்குத் தரகு பாதியாகிவிடுமே என்ற கவலை. "ஊர் சிரிக்கும்மா."

"இப்ப மட்டும் என்ன பண்ணுது தரகரண்ணே?"

சிங்கராயர் இடது மோட்டாரைக் கழற்றினார். சுற்றச் சுற்றப் பாலத்தைத் தள்ளும் இரண்டு திருகுமரைத் தண்டுகளின் நுனியிலும் ஒரே அளவுப் பல்சக்கரத்தை லேத்துப் பட்டறையில் பற்றவைத்து, சைக்கிள் செயின் ஒன்றால் இரண்டையும் சேர்த்துப் பிணைத்தார். இனி வலது சுற்றினால் இடதும் சுற்றித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் காலையில் முதல் மூட்டை வாசலுக்கு வந்தது. இரும்புக்காரரும் தராசோடு வந்து நின்றார். சகாயராஜ் மூட்டையைத் தலையில் வைத்தபடியே நின்றுவிட்டான். மிஷின் போனது, நின்றது, திரும்பியது. ஆமை அதைவிட வேகம். ஆனால் பாலம் கோணவில்லை. கடைசி மூலை முடிந்து பலகை விழுந்ததும் ஃபிளோரா ஒரு தீப்பெட்டியை எடுத்து நாலு மூலையிலும் வைத்து வைத்துப் பார்த்தாள்.

"சதுரம்தாங்க" என்றாள். "தம்பி, மூட்டைய மிஷினச் சுத்தி அடுக்கு. மேல வச்சிராத."

"இறக்கவாவது விடுக்கா. கழுத்து சதுரமாயிரும் போல" என்றான் சகாயராஜ்.

பஞ்சநதம் தன் தரகுக்காக இடது மோட்டாரையே கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் வயர்களை ஒன்றாக முறுக்கி, கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துப் போவதுபோல் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்ற இரும்புக்காரரின் கைமேல் துண்டைப் போட்டார்.

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை. உங்கள் வீட்டில் களைத்து வருகிறவர்களுக்குச் சுடுசோறு இருக்கட்டும். பைத்தியக்கார ஆசை பிடித்தவர் யாராவது இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் ஒருவர் இருக்கட்டும். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.