ஏப்ரலில் அடக்கம், நவம்பரில் மரணம்

சுவாமிநாதன் அங்கிள் எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும் புத்தகத்தில் என் பெயர்கூடக் கிடையாது. நன்றியுரையின் கடைசியில், "நண்பர் திருமூர்த்தியின் மனைவிக்கு, டைப் அடித்துக் கொடுத்ததற்கும் அருமையான காபிக்கும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். எட்டு வருஷத்துச் சனிக்கிழமைகளை மடக் மடக்கென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார் மனுஷன். படித்ததும் புத்தகத்தைச் சுவரில் வீசினேன், பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

என் பெயர் தனபாக்கியம். அவிநாசிக்காரி. மெக்கானிக்கல் எஞ்சினியரிங்கில் தங்கப் பதக்கம் வாங்கியவள். கல்யாணமாகி அமெரிக்காவில் எடிசன் என்ற ஊருக்கு வந்த பிறகு, விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை என்று ஆறு வருஷம் வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். பைத்தியம் பிடிக்காத குறை. வடக்கே முக்கால் மணி நேரத் தொலைவில், பழைய மில்கள் இருந்த ஊரில், ஒரு சின்ன மியூசியம் உண்டு. சம்பளமில்லாத வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அதன் பொறுப்பாளர் மார்கரெட் முப்பத்தொரு பெட்டிகளைக் காட்டினார். உள்ளே எல்லாம் ஒரு பழைய ரயில் எஞ்சின் முதலாளியின் குடும்பக் கடிதங்கள். எஞ்சின் சமாசாரம் தனக்குப் புரியாததால் பிரிக்கவே இல்லை என்றார். எனக்குப் புரிந்தது. பிறகு வால்வு கம்பெனியில் வேலை கிடைத்தும் சனிக்கிழமைகளை விடவில்லை.

ஜோசையா வெல்டன், கொல்லன் மகன். தறி ரிப்பேர் பட்டறை வைத்திருந்தவரிடம் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறில் ஒரு ரயில் கம்பெனி வந்து நின்றது. இங்கிலாந்திலிருந்து ஒரு எஞ்சினை வாங்கிவிட்டார்கள். அது துண்டு துண்டாகப் பெட்டிகளில் வந்திருக்கிறது. வரைபடம் இல்லை. கூட வந்த ஃபிட்டர் கப்பலிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். வெல்டன் அதற்கு முன் எஞ்சினைக் கண்ணால் பார்த்ததில்லை. அத்தனை துண்டுகளையும் முற்றத்தில் பரப்பி, எது எதோடு சேரும் என்று பதினாறு நாள் பொருத்திப் பார்த்து ஓட வைத்துவிட்டார். ஓடியதும் அவர் மனைவிக்கு எழுதிய முதல் வரி, "இதைவிட நன்றாக என்னால் செய்ய முடியும்." செய்தார். நாற்பத்தொரு எஞ்சின்கள். நன்றாகத் தொழில் நடந்தபோது கூட்டாளி அவரை வெளியே தள்ளிவிட்டு, எஞ்சின்களின் பித்தளைத் தகட்டிலிருந்து வெல்டன் என்ற பெயரை அரத்தால் தேய்த்து எடுத்தான். வெல்டன் அழவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு கொட்டகை பிடித்து, அவன் ஜன்னலுக்கு நேராகத் தன் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதிவிட்டு, மறுபடி எஞ்சின் கட்டினார். பாய்லரைச் சோதிக்கும்போது பக்கத்தில் தானே நிற்பார், வேறு யாரையும் நிற்க விடமாட்டார். அப்படி நின்ற ஒரு நாள் அது வெடித்துச் செத்தார். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சுவாமிநாதன் அங்கிள் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர். என் வீட்டுக்காரருக்கு முதல் வேலைக்கு ரெஃபரல் கொடுத்தவர். ஒரு பொங்கலன்று வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் மேஜைமேல் இருந்த ஃபைல்களைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா தனம், இவ்ளோ மேட்டர் வெச்சுண்டு சும்மா இருக்கே? குடு, இங்கிலீஷை நான் பாலிஷ் பண்றேன். எனக்குப் பப்ளிஷர்லாம் தெரியும்."

கொடுத்தேன். நானேதான் பென் டிரைவில் போட்டு, கையில் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டு வருஷம் "பார்த்துண்டு இருக்கேன்மா" என்றார். பிறகு புத்தகம் வந்தது, அட்டையில் அவர் பெயரோடு.

"உடு தனம், போச்சாது" என்றார் திருமூர்த்தி. "இந்த ஊர்ல நாலு பேரு மூஞ்சில முழிக்க வேண்டாமா? அவரில்லாட்டி நம்ம இங்க வந்தே இருக்க மாட்டோம்."

"அதுக்கு என்ற எட்டு வருஷத்தத் தாரை வாக்கோணுமா? அது என்ற புஸ்தகமுங்க. என்ற பேரு அதுல இருக்கோணும்."

"ப்ரூஃப் என்ன இருக்குது உன்றகிட்ட? நீதான் டைப் பண்ணிக் குடுத்தேன்னு எழுதீட்டாரே."

அதுதான் சிக்கல். என்னுடைய ஃபைலைக் காட்டினாலும், தான் சொல்லச் சொல்ல நான் அடித்தது என்பார். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். எல்லாம் என் வாக்கியம். இருபத்திரண்டாம் பக்கத்தில் வெல்டனின் கல்யாணம், 1830 மே ஒன்று. மூத்த மகள் பிறந்தது அதே வருஷம் அக்டோபர் இருபத்தெட்டு. அடப்பாவி, கல்யாணமாகி ஆறு மாதத்தில் பிள்ளையா? அந்தப் புண்ணியவதியின் மானத்தை வாங்கிவிட்டாரே என்று என் நோட்டைப் புரட்டினேன். 5-1-1830. ஜனவரி ஐந்து.

அப்புறம்தான் விளங்கியது. தேதிகளை மட்டும் நான் நம்ம ஊர் வழக்கப்படி நாள் முதலில், மாதம் பிறகு என்று எண்ணில் போட்டிருந்தேன். கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது. முப்பது வருஷமாக அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதிப் பழகிய அங்கிள் எல்லாவற்றையும் அப்படியே படித்து, மாதப் பெயரை எழுத்தில் போட்டுவிட்டார். பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாள்கள் மட்டும் தப்பித்தன, பதிமூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால். வெல்டன் குடும்பத்துக் கடிதங்களில் மாதப் பெயர் எழுத்திலேயே இருக்கிறது. அவற்றில் ஒன்றைக் கண்ணால் பார்த்தவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். என் நோட்டை மட்டும் பார்த்தவனால்தான் முடியும். நூற்றெழுபதாம் பக்கத்தை எட்டியபோது நான் தனியாக உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தேன். மகள் யாமினி மாடியிலிருந்து, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். அவ்வளவு ஓகேவாக நான் எப்போதும் இருந்ததில்லை.

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. புத்தக விழாவுக்குக் கேசரி செய்து தருகிறேன் என்று அங்கிளின் மனைவி காமாக்ஷி ஆன்ட்டிக்கு நானே போன் செய்தேன். முந்திரி தாராளமாகப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், லைப்ரரி ஹாலில் எண்பது பேர். முதல் வரிசையில் மார்கரெட்டை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் யாமினி, அவர் காதில் மொழிபெயர்த்துச் சொல்ல. அங்கிள் பட்டு வேட்டியில் ஒரு மணி நேரம் பேசினார். கடிதங்களின் பழைய காகித வாசனை பற்றிக்கூடப் பேசினார். காகித வாசனை! எனக்குப் பல் நறநறத்தது. கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன். யாமினி திரும்பிப் பார்த்து, "அம்மா, ப்ளீஸ் டோன்ட்" என்று உதட்டை அசைத்தாள்.

"அங்கிள், ஒரு சின்ன டவுட்டுங்க."

"கேளும்மா, கேளு. நம்ம தனம்தான் எனக்கு டைப் பண்ணிக் குடுத்தா."

"வெல்டன் எப்ப இறந்தாருங்க?"

"நவம்பர் நாலு, எய்ட்டீன் ஃபிஃப்டி ஒன். ரொம்ப ட்ராஜிக்."

"அவரை அடக்கம் பண்ணினது என்னைக்கு? நூத்தி எழுபதாம் பக்கம். கொஞ்சம் படிங்களேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். "ஏப்ரல் பதிமூணு..."

"எந்த வருஷமுங்க?"

பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார். "ஃபிஃப்டி ஒன்" என்றார், மைக்குக்குக் கேட்காத குரலில்.

பின்வரிசையிலிருந்து சங்கத்து நஞ்சுண்டன் கத்தினார். "அப்ப பொதச்சு ஏழு மாசம் கழிச்சுத்தான் செத்தாரா சார்?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. குழந்தைகள்கூடச் சிரித்தன. அங்கிள் முகம் சிவந்துவிட்டது. அவரால் எதையும் தாங்க முடியும், நாலு பேர் சிரித்தால் மட்டும் தாங்காது.

"இது என் மிஸ்டேக் இல்ல! நோட்ஸ்ல 11-4ன்னுதான் இருந்தது. நான் அதை அப்படியே ஃபாலோ பண்ணேன்."

"யாரோட நோட்ஸுங்க?"

"உன் நோட்ஸ்தான்! தப்பா எழுதினது நீ, என்னைக் கேக்கறியா?"

மைக் அதை ஹாலின் மூலை வரைக்கும் கொண்டு போனது. சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ற நோட்ஸுல தப்பில்லீங்க, அது ஏப்ரல் பதினொண்ணு. அவரு சம்சாரம் எழுதின லெட்டர்ல ஏப்ரல்னு எழுத்துலயே இருக்குது. நீங்க லெட்டரைப் பாக்கலீங்களா?"

யாமினி மார்கரெட்டுக்குச் சொல்லி முடித்தாள். மார்கரெட் எழுந்து, அந்தப் பெட்டிகளை இன்றுவரை தனத்தைத் தவிர யாரும் திறந்ததில்லை, இந்த மனிதர் மியூசியத்துக்குள் வந்ததே இல்லை என்றார். யாமினி அதைத் தமிழில் சொன்னாள். அவள் நாலு பேர் நடுவில் தமிழ் பேசி நான் கேட்டது அன்றுதான். எனக்கு இனித்தது. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை, எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

பார்க்கிங்கில் அங்கிள் என் பின்னாலேயே ஓடி வந்தார். பின்னால் காமாக்ஷி ஆன்ட்டி. யாமினி பிறந்தபோது எனக்கு நாற்பது நாள் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த கை அது. அதைப் பார்த்தபோது மட்டும் என் மனசு கொஞ்சம் ஆட்டம் கண்டது.

"தனம், செகண்ட் எடிஷன்ல உன் பேரைப் போட்டுடறேன். ரெண்டு பேர் பேரும். பப்ளிஷர் வரைக்கும் மட்டும் போக வேண்டாம்மா. அவங்க புக்கையே வித்ட்ரா பண்ணிடுவாங்க. வயசான காலத்துல என் மானமே போயிடும்."

"தனம், ப்ளீஸ்டி" என்றார் ஆன்ட்டி. திருமூர்த்தி கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"காத்தால எட்டு மணிக்கே அனுப்பீட்டனுங்க" என்றேன். "லெட்டர் போட்டோ, என்ற நோட்டு, உங்க பக்கம், மூணையும் ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா வெச்சு. மார்கரெட்டும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அங்கிளுக்குச் சட்டென்று புரியவில்லை. "அப்போ... எல்லாத்தையும் அனுப்பிட்டு இங்க வந்து எதுக்கும்மா கேட்டே?"

"அது என்ற நோட்ஸுன்னு உங்க வாயால சொல்லி நான் கேக்க வேண்டாமுங்களா?"