இரண்டு மஞ்சள் கயிறுகள்

கும்மிடிப்பூண்டிப் பொட்டலில் நின்றிருந்த கெங்கம்மாள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கான அவள் புருஷன் பரசுராமன், கேப்டன் மணவாளனோடு விமானத்தில் மேலே போயிருந்தான்.

அந்தப் பக்கத்தில் முதன்முதலில் விமானம் ஓட்டியவர் மணவாளன். அதற்காக மாலை போட்ட சனங்களே பிறகு அவரைக் கொலைகாரன் என்று ஏசினார்கள். இரண்டு முறை விமானம் விழுந்தது. இரண்டு முறையும் அவர் மட்டும் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். கூடப் போனவன் செத்தான்.

"பயப்படாதே," என்றாள் பக்கத்தில் நின்ற கேப்டனின் மனைவி சந்திரகலா. "அவரு பறக்கறப்பல்லாம் பெரியபாளையத்தா உண்டியல்ல என் தாலியப் போட்டுடுவேன். அவ அவரக் கைவிட்டதே இல்ல."

அவள் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறுதான் இருந்தது.

கெங்கம்மாள் முந்தானையை விலக்கித் தன் கழுத்தைக் காட்டினாள். "நானும் காத்தால வேண்டிகினு போட்டுட்டேம்மா."

சந்திரகலாவின் முகம் வெளுத்தது. "நீ எதுக்குடி போட்டே?"

அப்போது மேலே இன்ஜின் சத்தம் நின்றது. விமானம் புகை கக்கிக்கொண்டு சரிந்தது. அதிலிருந்து ஒரே ஒரு பாராசூட் விரிந்தது. தொங்குவது யாரென்று தெரியாத உயரம்.

கெங்கம்மாள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 'தாயே, கேப்டன் சாகட்டும்' என்று கெஞ்சினாள்.

பக்கத்தில் சந்திரகலாவின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.